ஈப்போவில் நான் வாய் திறவாத நாட்கள்

நவம்பர் 8, சனி. கோபிசெட்டிபாளையம்.

1. நான், காலஞ்சென்ற வேலப்பனின் மகன் சென்னியப்பன், வயது ஐம்பத்தொன்று, வழக்கறிஞரும் நோட்டரியும் ஆவேன். கோபிசெட்டிபாளையம், வாய்க்கால் வீதி, பதினான்காம் எண் வீட்டில் வசிக்கிறேன். கீழே எழுதப்படுபவை நான் நேரில் கண்டவையும் கேட்டவையும் ஆகும். பிறர் சொல்லித் தெரிந்தவற்றை அவ்வாறே குறிப்பிடுவேன்.

2. வருணேஷ், வயது பதினாறு, என் மனைவி கோகிலவாணியின் மகன். அவனுடைய தந்தை தமிழ்ச்செல்வன் காலமாகி ஏழு ஆண்டுகள் ஆகின்றன. எனக்கும் கோகிலவாணிக்கும் திருமணமாகி இரண்டு ஆண்டுகள். இளவர் காப்பாளர் சட்டத்தில் 'தகப்பன்' என்ற சொல்லுக்குள் மாற்றாந்தகப்பன் அடங்கமாட்டான் என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. அந்த வரியை நான் நீதிமன்றத்தில் பிறருக்காகப் பலமுறை படித்துக் காட்டியிருக்கிறேன். வருணேஷ் என்னை 'சார்' என்று அழைக்கிறான். பொருத்தமான சொல்தான்.

3. மலேசியாவின் ஈப்போ நகரில் பதினேழு வயதுக்குட்பட்ட சிறுவர் அணிகளுக்கான பன்னாட்டு இறகுப்பந்துப் போட்டி நடைபெறுகிறது. நம் மாநிலத்திலிருந்து செல்லும் எட்டுப் பேரில் வருணேஷும் ஒருவன். காகித வேலை தெரிந்த, தன் செலவில் வரக்கூடிய மேலாளர் ஒருவர் தேவைப்பட்டார். நான் விண்ணப்பித்தேன். வேறு எவரும் விண்ணப்பிக்கவில்லை. பையனை அழைத்துச் செல்லத் தாயின் ஒப்புதல் பத்திரம் வேண்டியிருந்தது. நானே நோட்டரி ஆயினும் சொந்தக் காரியத்தில் நானே சான்றளிப்பது முறையல்ல என்பதால், பவானி வரை சென்று வேறொருவரிடம் பெற்றேன்.

4. பெங்களூரில் வசிக்கும் குமரகுரு, பையனுடைய சிற்றப்பா. நல்ல மனிதர். அங்கே தம் வீட்டிலேயே வைத்துக்கொண்டு, பெரிய பயிற்சிக் கழகத்தில் சேர்த்துவிடுவதாக வருணேஷை அழைத்திருக்கிறார். போட்டி முடிந்து ஊர் திரும்பியதும், எங்களோடு இருப்பதா, பெங்களூர் போவதா என்று வருணேஷ் சொல்ல வேண்டும்.

5. இது குறித்து என் மனைவி என்னிடம் சொன்னது: "அவனா முடிவு பண்ணட்டுங்க. நீங்களும் சொல்லாதீங்க, நானும் சொல்லல. நாளைக்கு உங்களாலதான் இப்படி ஆச்சுன்னு ஒரு சொல் வந்துரக் கூடாது." சொல்லாலோ, சைகையாலோ, பரிசாலோ, முகக்குறிப்பாலோ அவன் முடிவில் குறுக்கிட மாட்டேன் என்று அவளுக்கு உறுதி கொடுத்திருக்கிறேன். பரிசு, முகக்குறிப்பு ஆகியவை நானாகச் சேர்த்தவை.

6. அந்த உறுதிமொழியை நான் காத்தேன் என்பதற்கு ஆதாரமாகவே இப்பதிவு.

நவம்பர் 9, ஞாயிறு. திருச்சி விமான நிலையம், பிறகு வானம்.

எட்டுக் கடவுச்சீட்டுகளும் என் இடுப்புப் பையில் உள்ளன. என்னுடையதோடு மொத்தம் பத்து, பயிற்சியாளர் செல்வின் தம்முடையதையும் என்னிடமே கொடுத்துவிட்டார். "உங்க இடுப்புல இருந்தா இந்தியன் பேங்க் லாக்கர்ல இருந்த மாதிரி அண்ணாச்சி" என்றார். அவர் தூத்துக்குடிக்காரர். எல்லாரையும் அதட்டுவார், எவரும் பயப்படுவதில்லை.

எனக்கு ஜன்னலோர இருக்கை கிடைத்தது. அதை வருணேஷுக்குக் கொடுத்தால் சலுகை ஆகும். எனவே அவன் நண்பன் பாசித்துக்குக் கொடுத்தேன். பாசித் ஆம்பூர்ப் பையன், இரட்டையர் ஆட்டக்காரன், வாய் ஓயாதவன். "தேங்க்ஸ் மேனேஜர் சார்" என்றவன், விமானம் கிளம்புமுன்பே, "மச்சான், நீ இங்க வா, எனக்கு மேல பாத்தா வாந்தி வரும்" என்று வருணேஷை அங்கே தள்ளிவிட்டான். இதில் என் பங்கு எதுவும் இல்லை.

இறகுப்பந்து விதிநூலைப் பயணத்தின்போது முழுவதும் படித்தேன். நன்றாக எழுதப்பட்ட சட்டம். தேவையற்ற சொற்கள் குறைவு.

நவம்பர் 10, திங்கள். ஈப்போ.

காலையில் பயிற்சி. பிற்பகல் மேலாளர்கள் கூட்டம். நான் சில ஐயங்களை எழுப்பினேன். மூன்றாவது ஐயத்தின்போது மற்ற மேலாளர்கள் உணவு வைத்திருந்த மேசையைப் பார்க்கத் தொடங்கினார்கள். தலைமை நடுவர் ஒரு பெண்மணி. பொறுமையாகப் பதில் சொன்னார்.

தெளிவுபடுத்தப்பட்டவை: அணிக்கு அணி மோதும்போது ஐந்து ஆட்டங்கள், மூன்று ஒற்றையர், இரண்டு இரட்டையர். மூன்றை வெல்பவர் வெற்றியாளர். நேரம் போதாதபோது இரண்டு களங்களில் ஒரே சமயம் நடத்துவார்கள். ஒவ்வொரு களத்தின் பின்னாலும் பயிற்சியாளருக்கு நாற்காலி உண்டு. பந்து ஆட்டத்தில் இருக்கும்வரை அதில் அமர்ந்தே இருக்க வேண்டும். வாய் திறக்கக் கூடாது. இடைவேளையில் மட்டும் எழுந்து போய் ஆட்டக்காரனிடம் பேசலாம்.

மாலையில் நல்ல மழை. இங்கே தினமும் இப்படித்தானாம். வருணேஷிடம் மழைச் சட்டை இல்லாததைக் கவனித்து ஒன்று வாங்கினேன். இது பரிசு அன்று, அத்தியாவசியப் பொருள். பாகுபாடு கூடாது என்பதால் எட்டுப் பேருக்கும் வாங்கினேன். வருணேஷுடையது மட்டும் நீலம். அந்த அளவில் நீலம்தான் இருந்தது. அவனுக்கு நீலம் பிடிக்கும் என்பது தற்செயல்.

நவம்பர் 11, செவ்வாய்.

ஜாவாவிலிருந்து வந்த அணியை மூன்றுக்கு இரண்டு என்று வென்றோம். வருணேஷ் தன் ஒற்றையர் ஆட்டத்தை வென்றான்.

ஒரு விஷயம் கவனித்தேன். ஒவ்வொரு பையனும் புள்ளி போனால் பின்னால் திரும்பி நாற்காலியில் இருக்கும் செல்வினைப் பார்க்கிறான். வருணேஷ் திரும்பவில்லை. இடைவேளையில்கூடத் தரையைப் பார்த்தபடி தண்ணீர் குடித்தான். செல்வின் அவன் முதுகோடு பேசிக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் சொன்னார்: "இவன் திரும்பவே மாட்டான் அண்ணாச்சி. நான் சொவத்துக்குக் கோச்சிங் குடுக்கேன். சொவராவது எதிரொலி குடுக்கும்."

"சொன்னதைக் கேட்கவில்லையா?"

"எல்லாம் கேக்கான். ஆனா திரும்ப மாட்டான். நாலு வருசமா இப்படித்தான்."

இரவு உணவு வாழையிலைக் கடையில். வருணேஷ் ரசம் இரண்டாம் முறை கேட்டு வாங்கினான். ஊரைவிட்டு வந்த பிறகு அவன் ஒன்றை இரண்டாம் முறை கேட்டது இதுவே முதல்.

நவம்பர் 12, புதன்.

ஆட்டமில்லை. மழை. குளியலறையில் துவைத்துப் போட்ட எட்டு மேல்சட்டைகளில் ஒன்றும் உலரவில்லை.

மனைவி மருத்துவமனையிலிருந்து அழைத்தாள். அவள் அங்கே டயாலிசிஸ் பிரிவில் தலைமைச் செவிலி. "எதாவது சொன்னானுங்களா?" என்று கேட்டாள். எதுவும் இல்லை என்றேன். "நீங்க எதாவது சொன்னீங்களா?" என்றாள். எதுவுமே இல்லை என்று உறுதியளித்தேன். "சரிங்க, மழைல நனையாதீங்க" என்று வைத்துவிட்டாள்.

நவம்பர் 13, வியாழன்.

இன்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். என்னைக் காத்துக்கொள்ளும் நோக்கம் இல்லை.

பினாங்கு அணியோடு ஆட்டம். வென்றால் அரையிறுதி. மூன்று ஆட்டங்கள் முடிந்தபோது ஒன்றுக்கு இரண்டு என்று பின்தங்கியிருந்தோம். மீதமிருந்த இரண்டையும் பக்கத்துப் பக்கத்துக் களங்களில் ஒரே சமயம் தொடங்கினார்கள். பாசித்தின் இரட்டையர் ஆட்டத்துக்குச் செல்வின் போய்விட்டார். வருணேஷின் களத்துக்குப் பின்னால் நாற்காலி காலியாக இருந்தது.

நான் பார்வையாளர் பகுதியின் முதல் வரிசையில் தண்ணீர்ப் புட்டிகளோடு இருந்தேன். அவனும் எதிராளியும் ஆளுக்கொரு செட் எடுத்துச் சமமாக நின்றபோது, மூன்றாவது செட்டுக்கு முன் வருணேஷ் வேலியருகே வந்தான்.

"சார், வந்து உக்காருங்க."

"எனக்கு இந்த ஆட்டம் தெரியாதே."

"தெரியுங்க. காலிச் சேர் கண்ணுல பட்டுட்டே இருக்குது. சும்மா உக்காருங்க, போதும்."

மேலாளருக்கும் அந்த நாற்காலியில் அமர அனுமதி உண்டு. கழுத்தில் அட்டை இருந்தது. அமர்ந்தேன்.

நடுவர் உயரமான நாற்காலியில் இருந்து ஆட்டத்தைத் தொடங்கச் சொல்லிக் குரல் கொடுத்தார். நான் எழுந்து நின்றேன். இருபத்தாறு ஆண்டுகளாக, உயரமான ஆசனத்தில் இருப்பவர் வாய் திறந்தால் நான் எழுந்து நின்றே பழகியவன். கால்கள் என்னைக் கேட்பதில்லை. நடுவர் கையசைத்து உட்காரச் சொன்னார். தலை வணங்கி உட்கார்ந்தேன். அதையும் தவிர்த்திருக்கலாம்.

வருணேஷ் சிரித்தான். வாயைத் தோள்பட்டையில் மறைத்துக்கொண்டு சிரித்தான். எங்கள் வீட்டில் அவன் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

பிறகு நன்றாக ஆடினான். ஒரு முறை அவன் துண்டெடுக்கத் தாமதித்தபோது நடுவர் கண்டித்தார். நான் எழுந்து, "மன்னிக்கவும்" என்றேன், தமிழில். இம்முறை நடுவர் விரலை உயர்த்தி எச்சரித்தார். பதினொன்றாம் புள்ளியில் இடைவேளை. நான் அருகே சென்றேன். ஒரு நிமிடம்தான் அனுமதி.

"எதாவது சொல்லுங்க" என்றான்.

"தண்ணீர் குடி."

"அப்பறம்?"

"மெதுவாகக் குடி."

"சரிங்க" என்று துண்டை என் தோளில் போட்டுவிட்டுப் போனான். அந்தத் துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டேன்.

பத்தொன்பது, பதினெட்டு என்று அவன் முன்னிலையில் இருந்தான். நீண்ட அடிபரிமாற்றம். எதிராளி பந்தைத் தூக்கிவிட்டான். வருணேஷ் பின்னால் தாவி ஓங்கினான். அந்தக் கணத்தில் பக்கத்துக் களத்தின் நடுவர், அங்கே யாரோ செய்த தவறுக்காக, உரத்த குரலில் ஏதோ அறிவித்தார். நான் எழுந்து நின்றேன்.

வருணேஷ் அடித்த பந்து கோட்டுக்கு உள்ளே விழுந்தது. நான் பார்த்தேன். எல்லாரும் பார்த்தார்கள். ஆனால் எதிராளி, எனக்கு முகம் கொடுத்து நின்றவன், என்னைச் சுட்டிக்காட்டிக் கை தூக்கினான். பயிற்சியாளரால் எதிரணி ஆட்டக்காரனின் கவனம் சிதறினால் அந்தப் புள்ளியை மீண்டும் ஆட வேண்டும் என்பது விதி. விமானத்தில் அதை அடிக்கோடிட்டிருந்தேன். நடுவரின் தீர்ப்பு சரியானது. மேல்முறையீட்டுக்கு இடமே இல்லை.

தலைமை நடுவர் வந்தார். திங்களன்று எனக்குப் பொறுமையாகப் பதில் சொன்ன அதே பெண்மணி. நாற்காலியை விட்டு வெளியேறுமாறு மரியாதையாகச் சொன்னார். வெளியேறினேன்.

திரும்ப ஆடிய புள்ளியை வருணேஷ் இழந்தான். அடுத்த இரண்டையும் இழந்தான். பாசித்தின் ஆட்டத்தை வென்றோம். மூன்றுக்கு இரண்டு என்று அணி தோற்றது. அரையிறுதி இல்லை, ஐந்தாம் இடத்துக்கான ஆட்டம் மட்டுமே மிச்சம்.

எதிராளியோடு கைகுலுக்கிவிட்டு வருணேஷ் வேலியருகே வந்தான். "சார், என் பேக்க எடுத்துக்குங்க" என்றான். எடுத்துக்கொண்டேன்.

செல்வின் மட்டும் என் தோளில் கை வைத்து, "விடுங்க அண்ணாச்சி, நீங்க எந்திரிச்சீங்க, நம்ம பயலுவ சரியா எந்திரிக்கல" என்றார். அன்பாகச் சொன்னார். அது உண்மையன்று.

நவம்பர் 14, வெள்ளி. காலை.

கட்சிக்காரருக்குப் பாதகமாகச் சொந்த வழக்கறிஞரே சாட்சியானதற்கு முன்னுதாரணம் உண்டா என்று யோசித்தேன். தெரியவில்லை.

சிற்றுண்டி மேசையில் நான் போய் நின்றதும் பாசித் எழுந்து நின்றான். ஒவ்வொருவராக எட்டுப் பேரும் எழுந்து நின்றார்கள். "யுவர் ஆனர்" என்றான் பாசித். சிரிப்பு. வருணேஷும் எழுந்து நின்றிருந்தான். அவன் சிரித்தானா என்று நான் பார்க்கவில்லை.

அதே நாள், மாலை.

மிக முக்கியமானது என்பதால் தனியாக எழுதுகிறேன்.

ஈரச் சட்டைகளை மூட்டையாகக் கட்டிக்கொண்டு, விடுதிக்கு எதிரே இருக்கும் சலவைக் கடைக்குப் புறப்பட்டேன். இங்கே அதற்கு டோபி என்றே பலகை வைத்திருக்கிறார்கள். ஆள் கிடையாது, நாணயம் போட்டால் இயந்திரம் உலர்த்தித் தரும். தெருவைக் கடக்கும்போது மூட்டையின் மறுமுனை இலகுவானது. திரும்பினால் வருணேஷ், நீல மழைச் சட்டையில்.

"ஒருத்தரே எதுக்குத் தூக்கறீங்க" என்றான்.

சட்டைகள் உள்ளே சுழலத் தொடங்கின. பெஞ்சில் அமர்ந்தோம். வெளியே மழை.

நான் தொடங்கினேன். "நேற்று என்னால்தான்..."

"சார், அத விடுங்க. தோத்தது வருத்தந்தான். இல்லைன்னு சொன்னா பொய். ராத்திரி தலகாணிய நாலு குத்து குத்துனேன். பாசித்து அது அவனோட தலகாணின்னான்." கால்களை நீட்டிக்கொண்டான். "ஆனா நான் அந்தச் சேர்ல ஒரு ஆள வெச்சுட்டு ஆடுனது நேத்துத்தாங்க."

"செல்வின் எப்போதும் இருக்கிறாரே."

"அவர் இருப்பாருங்க. நான் பாக்க மாட்டேன்." இயந்திரத்தின் வட்டக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே பேசினான். "சின்ன வயசுல எங்கப்பாதான் அங்க உக்காருவாரு. உக்காந்தா ஹால் பூராக் கேக்கும். ஒரு பாய்ன்ட் போச்சுன்னா, 'டேய் எருமை'ம்பாரு. எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க. எனக்கு எட்டு வயசுங்க அப்ப."

காலஞ்சென்றவர் தம் தரப்பைச் சொல்ல இயலாதவர். அவருக்காக எவராவது பேச வேண்டும் என்று தோன்றியது. "உன்மேல் அவருக்கு நம்பிக்கை அதிகம். அதனால்தான்" என்றேன்.

"தெரியுங்க. எனக்கு அவரப் புடிக்கும். சேர்தான் புடிக்காது." பிறகு சொன்னான்: "நேத்து நீங்க பொசுக்குன்னு எந்திரிச்சு நின்னீங்க பாருங்க, கையக் கட்டிட்டு... அந்தச் சேர்ல உக்காந்து பயந்த ஆளு நீங்க ஒருத்தர்தான். எனக்கு அப்பறம் பயமே இல்ல."

கையில் மிச்சமிருந்த நாணயங்களை அளவு வாரியாக அடுக்கினேன்.

"ஒண்ணு கேக்கட்டுங்களா?"

"கேள்."

"நான் சித்தப்பா வீட்டுக்குப் போறதப் பத்தி நீங்க ஏன் ஒரு வார்த்த கேக்கல?"

இந்த இடத்தில் நான் உறுதிமொழிக்குக் கட்டுப்பட்டவன் என்பதை நினைவுகூர்ந்தேன். அவன் முகத்தைப் பார்க்காமல் இயந்திரத்தையே பார்த்தேன்.

"அம்மாகிட்டக் கேட்டா, 'உன் இஷ்டம் சாமி'ங்கறாங்க. நீங்க அதுவும் சொல்லல. ஊர்ல இருந்து வந்து இத்தன நாளாச்சு. பாசித்துகிட்டப் பேசறீங்க, கோச்சுகிட்டப் பேசறீங்க. நான் வந்தா விதிநூலத் தொறந்துக்கறீங்க." குரல் தணிந்தது. "நான் போனா உங்களுக்கும் அம்மாவுக்கும் வசதின்னு நெனச்சேன். தப்பாச் சொல்லலீங்க. நெசமாத்தான். அதனால சித்தப்பாகிட்டப் பாதி சரின்னு சொல்லிட்டேன்."

ஆவணத்தில் இல்லாததை இல்லை என்றே படிக்க வேண்டும் என்பது என் தொழில் எனக்குப் பழக்கியது. அவனும் அப்படித்தான் என்னைப் படித்திருக்கிறான். அவன்மேல் பிழையில்லை.

"ஒரு நிமிடம் பொறு" என்று எழுந்தேன். கடையின் முன்கூரைக்குக் கீழே நின்று மனைவியை அழைத்தேன். பணி நேரத்தில் நான் அழைப்பதில்லை.

"ஏனுங்க? என்னாச்சுங்க? பையனுக்கு அடிகிடி பட்டுருச்சா?"

"இல்லை. நல்லா இருக்கான். எட்டாந்தேதி உனக்கு ஒரு உறுதி குடுத்தேன். அதுல இருந்து என்னை விடுவிக்கணும்."

"என்னங்க?"

"முழுசா வேண்டாம். பகுதியளவுல போதும்."

மறுமுனையில் டயாலிசிஸ் இயந்திரங்களின் ஓசை கேட்டது. பிறகு அவள் சொன்னாள்: "அவனத் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னுதானுங்க நான் சொன்னேன். ஊமையாட்டம் இருக்கச் சொன்னனா? நானும் இங்க வாயக் கட்டிட்டு, சோறு எறங்காமத் திரியறேன். போய்ச் சொல்லுங்க. எனக்கும் சேத்துச் சொல்லுங்க." குரல் சரியில்லை. "வெக்கறேன், பேஷண்ட் பாக்கறாங்க."

அனுமதி வாய்மொழியாகப் பெறப்பட்டது. இந்திய நேரத்தை எழுத மறந்துவிட்டேன்.

உள்ளே போனபோது இயந்திரம் நின்றிருந்தது. வருணேஷ் சட்டைகளை எடுத்து மடித்துக்கொண்டிருந்தான். சூடான துணி வாசனை. நான் நின்றபடியே பேசினேன். பேசியதை அப்படியே எழுதுகிறேன்.

"எங்க இருக்கறதுங்கறது உன்னோட உரிமை. பெங்களூர்ல பயிற்சி நல்லா இருக்கும், அதுல சந்தேகமில்ல. நீ போனாலும் நான் செய்ய வேண்டியதச் செய்வேன். இது ஒண்ணு. ரெண்டாவது..."

"சார், நம்பர் போடாமச் சொல்லுங்க."

"சாயங்காலம் உன் சைக்கிள் கேட்ல இடிக்கிற சத்தம் கேட்டாத்தான் நான் கட்சிக்காரங்கள அனுப்பிட்டு எந்திரிக்கறேன். அதுக்கு முன்னாடி எனக்கு அப்படி ஒரு நேரமே கிடையாது. ராத்திரி வரைக்கும் ஆபீஸ்லயே உக்காந்திருப்பேன். வீட்டுக்குள்ள போறதுக்கு ஒரு காரணமும் இருக்காது. நீ போயிட்டா, எப்ப எந்திரிக்கறதுன்னு எனக்குத் தெரியாது. அம்மாவும் சோறு எறங்கலைன்னு சொல்றா. அத அவ சார்பாச் சொல்றேன். இரு, வருணு."

'வருணு' என்பது அவன் தாய் மட்டும் அழைக்கும் பெயர். எனக்கு அந்த உரிமை வழங்கப்படவில்லை. நாக்குத் தவறிவிட்டது.

அவன் ஒரு சட்டையை மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான். அது பாசித்துடையது, முதுகில் பெயர் இருந்தது.

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாமுங்களே" என்றான்.

"கட்டுப்பட்டிருந்தேன்."

"யாருக்கு?"

"உன் அம்மாவுக்கு."

"அவங்களும்?"

"எனக்கு."

அவன் தலையை ஆட்டிக்கொண்டே சிரித்தான். பிறகு சிரிப்பு நின்று, மழைச் சட்டையின் கையால் மூக்கைத் துடைத்தான். நானும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். உலர்த்தும் இயந்திரத்தின் ஆவியால் அது மங்கியிருந்தது.

"யோசிச்சுச் சொல்றேங்க" என்றான்.

"நிச்சயமாக. அவசரமில்லை."

மூட்டையை இருவருமாகத் தூக்கிவந்தோம்.

நவம்பர் 15, சனி.

ஐந்தாம் இடத்துக்கான ஆட்டம். வெளியேற்றம் அந்த ஒரு ஆட்டத்துக்கு மட்டுமே பொருந்தும் என்று தலைமை நடுவரிடம் எழுத்துமூலம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன். அவர் பதில் எழுதிவிட்டு, கீழே ஒரு சிரிக்கும் முகம் வரைந்திருந்தார்.

வருணேஷ் கேட்டதால், செல்வினுக்குப் பக்கத்தில் அனுமதி கேட்டுப் போட்ட இரண்டாவது நாற்காலியில் அமர்ந்தேன். "அண்ணாச்சிக்கு ஒரு சீட் பெல்ட் போட்டு விடுங்கலே" என்றார் செல்வின். கைகளால் நாற்காலியின் அடிப்பகுதியைப் பற்றிக்கொண்டேன்.

முதல் செட்டில் அவன் ஒரு சுலபமான பந்தை வலையில் அடித்தான். அடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தான். செல்வின் என் தொடையில் கிள்ளினார். வலித்தது, அசையவில்லை.

வென்றான். அணியும் வென்றது. ஐந்தாம் இடத்துக்குக் கோப்பை கிடையாது, ஆளுக்கொரு சான்றிதழ். வருணேஷின் பெயரில் ஓர் எழுத்துப் பிழை இருந்தது. திருத்தி வாங்கினேன்.

நவம்பர் 16, ஞாயிறு.

இறுதி ஆட்டத்தைப் பார்த்துவிட்டு விடுதிக்குத் திரும்பினோம். வருணேஷ் விடுதிக் கூடத்தில் இருக்கும்போது குமரகுரு அழைத்தார். பையன் கண்ணாடிக் கதவுக்கு அப்பால் போய் நின்று பேசினான். கதவு சரியாக மூடவில்லை. நான் தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டிவைத்துக்கொண்டேன். மலாய் மொழியில் ஏதோ சமையல் நிகழ்ச்சி. புளிக்கரைசலில் மீன் போட்டார்கள். கவனமாகப் பார்த்தேன்.

நீண்ட நேரம் பேசினான். திரும்பி வந்து என் பக்கத்தில் அமர்ந்து, அவனும் மீனைப் பார்த்தான். என்ன பேசினான் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. விடுவிப்பு பகுதியளவானது, கேள்வி கேட்கும் உரிமை அதில் அடங்காது.

நவம்பர் 17, திங்கள். கோலாலம்பூர் விமான நிலையம்.

விமானம் தாமதம். பையன்கள் பைகளின்மேல் படுத்துறங்குகிறார்கள். கடவுச்சீட்டுகள் சரிபார்க்கப்பட்டன.

உறுதிமொழியை நான் மீறியது உண்மை. அனுமதி பெற்றபின் மீறியதும் உண்மை. மழைச் சட்டை குறித்து மாற்றுக் கருத்து இருக்கலாம். இப்பதிவை மனைவியிடம் ஒப்படைக்கவிருப்பதால், முறைப்படி கையொப்பமிட்டு, சாட்சி வேண்டுமென்று செல்வினிடம் கொடுத்தேன். "படிக்கணுமா?" என்றார். கையொப்பத்துக்கு மட்டுமே சாட்சி, உள்ளடக்கத்துக்கு அன்று என்று விளக்கினேன். "அப்ப ரொம்ப நல்லது" என்று போட்டுக் கொடுத்தார்.

அவருக்குப் பின்னால் வருணேஷ் வந்து நின்றான். "ரெண்டு சாட்சி வேணும்னு ஒருநா ஆபீஸ்ல யார்கிட்டயோ சொல்லிட்டிருந்தீங்க."

"நீ இளவர், பதினெட்டு நிரம்பவில்லை. உன் கையொப்பம் செல்லாது."

"செல்லாட்டிப் போகுதுங்க. பேனாக் குடுங்க."

பேனாவைக் கொடுத்தேன். பெயரை எழுதினான். "அட்ரஸும் போடணுங்களா?" என்று கேட்டான். போட வேண்டும், சாட்சி எங்கே வசிக்கிறார் என்பது தெரிய வேண்டும் என்றேன். என் குரல் அலுவலகக் குரலாகவே இருந்தது என்று நம்புகிறேன். அவன் யோசிக்கவில்லை. எழுதிவிட்டு, பேனாவை மூடி என் சட்டைப்பையில் செருகிவிட்டு, பாசித்தின் கால்களைத் தள்ளி இடம் பண்ணிக்கொண்டு படுத்துவிட்டான்.

அவன் எழுதியதைப் படித்தேன். வீட்டு எண் இல்லை, வீதி இல்லை, அஞ்சல் குறியீடு இல்லை. எந்தப் பதிவு அலுவலகமும் இதை ஏற்காது. இதில் ஓர் எழுத்தையும் எவரும் அடிக்கவோ திருத்தவோ நான் சம்மதிக்க மாட்டேன்.

ஒப்பம்: வே. சென்னியப்பன்

சாட்சிகள்:

1. ஞா. செல்வின், இறகுப்பந்துப் பயிற்சியாளர், தூத்துக்குடி.

2. த. வருணேஷ், பிளஸ் ஒன். அட்ரஸ்: சாரோடதுதான் எனக்கும்.